ஜால்ராச் சத்தம் போன இடம்

2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு விடிகாலை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்த பேருந்து ஜெபர்சனைச் சிங்கப்பெருமாள் கோவிலில் இறக்கிவிட்டுப் போனது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். வயது இருபத்திரண்டு. தோளில் ஒரு துணிப்பை. மார்போடு அணைத்தபடி, போர்வையில் சுற்றிய ஒரு சி.பி.யு. வழி நெடுக அதை மடியில்தான் வைத்திருந்தான். பக்கத்து இருக்கைக்காரர் கைக்குழந்தை என்று நினைத்து, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை அவனுடைய பாட்டுகள். கேசட்டிலிருந்து ஒயர் மாட்டி ஏற்றியவை, குறுந்தகடுகளிலிருந்து எடுத்தவை, நண்பர்கள் கொடுத்தவை. எல்லாரிடமும் பாட்டு இருக்கத்தான் செய்யும். ஆனால் ஜெபர்சன் சேர்த்துவைத்த முறை வேறு. பாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் இணையதளப் பெயரை அழிப்பான். படம், ஆண்டு, பாடியவர், ராகம் தெரிந்தால் ராகம், எல்லாவற்றையும் தானே தட்டி நிரப்புவான். கீர்த்தனைகள் தனி, பாமாலைகள் தனி, சினிமாப் பாட்டுகள் ஆண்டு வாரியாக. ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரகடத்தில் கார்களுக்குக் கதவுத் தகடும் பானட் தகடும் அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். பிரஸ் ஷாப்பில் வேலை. நானூறு டன் பிரஸ்கள் ஆறு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இறங்கும்போது தரை ஒருமுறை குதித்து அடங்கும். முதல் வாரம் தூக்கத்தில்கூட அவன் உடம்பு அந்தத் தாளத்துக்குத் துள்ளியது. காதில் அடைக்க ஆரஞ்சு நிறத்தில் நுரை அடைப்பான் கொடுப்பார்கள். வியர்வையில் அது வழுக்கி விழும். அதைவிட, அச்சு விரிசல் விடும்போது வரும் 'ணங்'கென்ற சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அடைத்துக்கொண்டு நின்றால் தகடுகள் வீணாகிப் போகும், சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் ஒரு கை பார்த்துவிடுவார். அதனால் பாதிப் பேர் ஒரு காதில் மட்டும் அடைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் அதுவும் இல்லை.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு ஷிப்ட் முடிந்ததும் கொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கியதும் ஜெபர்சன் செய்யும் முதல் காரியம், இயர்போனைக் காதில் செருகுவதுதான். கம்பெனி பஸ், அவன் தங்கியிருந்த வடக்குப்பட்டுக்கு வந்து சேர நாற்பது நிமிடம். நெட் என்பது அந்தச் சாலையில் பேருக்குத்தான். ஒரு பாட்டு சுற்றிச் சுற்றி நிற்பதற்குள் ஊர் வந்துவிடும். எனவே ஞாயிறுதோறும் கணினியில் போனைக் கேபிளால் இணைத்து, அந்த வாரத்துக்கான பட்டியல்களைத் தேர்ந்தெடுத்து 'சிங்க்' என்ற பொத்தானை அழுத்துவான். கணினியில் இருப்பது அப்படியே போனுக்கு வந்துவிடும். கணினியில் ஒரு பாட்டைத் திருத்தினால் போனிலும் திருந்தும். கணினியில் அழித்தால் போனிலும் அழியும். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவனுக்கு ஒரு நிம்மதி.

அந்தப் பாட்டுகளில் விலைக்குக் கிடைக்காதவை அறுபத்தோரு ஒலிப்பதிவுகள். ஒரகடம் கூட்டுச் சாலைக்கு அருகே கூரைத் தகடு போட்ட சிறிய சபை ஒன்று இருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள்தான் அதன் பாடகர் குழு. பாடச் சொல்லிக்கொடுத்தவர் அருள்மேரி டீச்சர். ஜெபர்சன் 2009-லிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர்கள் பாடியதைச் சின்ன ரெக்கார்டரில் பதிந்து வைத்தான். அந்தக் குழுவில் பாடியவர்கள் நிலைத்து நின்றவர்கள் அல்ல. ஒப்பந்தம் முடிந்து போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள். குரல்கள் மட்டும் அவனிடம் தங்கின. அந்தக் குரல்களில் ஒன்று ஷாலினுடையது. ஸ்ரீபெரும்புதூரில் மின்னணுப் பொருள் கம்பெனியில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தாள். ஒருநாள் தன் பதிவை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லி அவனிடம் கேட்டாள். 2011 மே மாதம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. வடக்குப்பட்டில் தாயாரம்மாள் என்பவரின் வீட்டு மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும் கிடைத்தன.

தொல்லை தொடங்கியது 2012 பிப்ரவரியில்.

பஸ்ஸில் வரும்போது ஒரு கீர்த்தனையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பல நூறு முறை கேட்டது. இரண்டாம் அடியில் ஜால்ரா சேரும். அன்று சேரவில்லை. மறுபடி ஓட்டினான். தபலா இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, ஜால்ரா மட்டும் இல்லை. இயர்போன் பழுது என்று நினைத்தான். புதிது வாங்கினான். அதிலும் இல்லை. வேறு பாட்டுகளைப் போட்டுப் பார்த்தான். வயலின் மேலே ஏறும் இடங்கள் எல்லாம் யாரோ ஈரத்துணியால் மூடியது போல் இருந்தன. பாடுகிறவர்கள் 'ச' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் காற்று.

அந்த ஆண்டு தமிழ்நாட்டையே மின்வெட்டு பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று முறை கரண்ட் போய்க் கணினி அணைந்திருக்கிறது. அதில்தான் பாட்டுகள் கெட்டுவிட்டன என்று ஜெபர்சன் முடிவுகட்டினான். போனில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினான். மெமரி கார்டை மாற்றினான். கேபிளை மாற்றினான். மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பவும் நிறுவினான். ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

"ஏங்க, நாலு தடவை கூப்பிட்டாச்சு. சோறு ஆறிப்போச்சு," என்பாள் ஷாலின் பின்னால் வந்து நின்று.

"கூப்பிட்டியா? நான் இதுல இருந்தேம்ல."

"எப்பவும் இதுலதான் இருக்கீய."

அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் நம் பேச்சு அவருக்கு வேண்டாததாகிவிட்டது என்று. அவள் மெல்லப் பேசுகிறவள். அவன் "என்ன? என்ன?" என்று கேட்பது தன்னை மட்டம் தட்டுவதற்கு என்று பட்டது. பட்டதும் பேசுவதைக் குறைத்தாள். குறைத்ததும் அவன், இவளுக்கு என்னமோ கோபம் என்று நினைத்தான். டி.வி.யின் சத்தத்தை அவன் கூட்டுவான். அவள் எழுந்து போய்க் குறைப்பாள். வாய் திறக்காமலே சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஜூலையில் கம்பெனிக்கு வருடாந்திர மருத்துவச் சோதனை வந்தது. காது சோதிக்க ஒரு வேன். அதற்குள் கண்ணாடி ஜன்னல் வைத்த சிறிய அறை; ஜன்னலுக்கு வெளியே சோதிக்கிற ஆள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிச் சத்தம் அனுப்புவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். 'பீப்' என்று கேட்டால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முந்தைய ஆண்டு அந்தச் சோதனையில் தேறாத ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை அடுத்த மாதமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அதனால் வரிசையில் நின்றவர்கள், வெளியே வருகிறவர்களை வழிமறித்து உள்ளே என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். ஜெபர்சனுக்கு முன்னால் நின்றவன் அப்பாவு. வடக்குப்பட்டுக்காரன், ஜெபர்சனோடு ஒரே பிரஸ்ஸில் நிற்கிறவன், வேலை நிரந்தரமானவன்.

"தபார் ஜெபா, ரொம்ப ரோசன பண்ணாத. கண்ணாடிக்கு அந்தாண்ட அந்தாளு வெரலு தெரியும். அவன் அமுக்கும்போது நீயும் அமுக்கு. அவ்ளோதான் மேட்டர்."

"அது தப்பு இல்லியா?"

"தப்பு இன்னா தப்பு? வூட்டுக்குப் போறியா, வேல பாக்குறியா?"

ஜெபர்சன் உள்ளே போனான். முதலில் நேர்மையாகத்தான் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் அந்த ஆளின் விரல் இறங்கியது. ஹெட்போனில் ஒன்றும் இல்லை. மீண்டும் இறங்கியது. ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை விரல் இறங்கியபோது ஜெபர்சனின் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. கடைசிவரை அப்படியே செய்தான். தாளில் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வெளியே வந்தவன் காதை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டான். சளி என்று சொல்லிக்கொண்டான். வேனுக்குள் ஏசி சத்தம் அதிகம் என்று சொல்லிக்கொண்டான். வீட்டுக்கு வந்து, சிங்க் செய்யும்போது பாட்டின் தரத்தைக் குறைக்கும் ஏதோ ஓர் அமைப்பு இருக்கிறதா என்று மென்பொருளின் மூலை முடுக்கெல்லாம் தேடினான்.

செப்டம்பரில் ஒருநாள், அடித்த தகடுகளை அடுக்கிவிட்டுப் பின்பக்கமாக இரண்டடி எடுத்துவைத்தான். அவன் சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். தரையில் விழுந்த பிறகுதான், தான் நின்ற இடத்தைக் கடந்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கிப் போவதைப் பார்த்தான். அதன் தலையில் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

அப்பாவு மூச்சு வாங்க நின்றான். "பீப் பீப்னு கத்திகினே வர்றான், செவுடன் கணக்கா பின்னாலயே போற! இன்னாடா ஆச்சு உனுக்கு?"

சண்முகசுந்தரம் ஓடிவந்தார். "பஸ்ல ஏறினா இறங்கற வரைக்கும் காதுல ஒயரு. அந்தப் பாட்டு உன்னை ஒருநாள் கொல்லத்தான் போகுது ஜெபர்சன்."

அன்று மாலை பஸ்ஸில் ஜெபர்சன் பாட்டுக் கேட்கவில்லை. ஆனால் மனது காதின் பக்கம் போக மறுத்தது. மறுநாளே வேறொரு வழியைக் கண்டுபிடித்தான். பாட்டுகளில் மேல் ஒலிதானே குறைந்திருக்கிறது, அதைக் கூட்டிவிட்டால்? ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. ஒரு பாட்டில் மட்டும் உயர்ந்த சுருதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தான். போதவில்லை. இன்னும் ஏற்றினான். கோடு உச்சிக்குப் போனபோது ஜால்ரா திரும்பி வந்தது.

ஏழு மாதத்துக்குப் பிறகு அதைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கியது.

அதே அளவை மொத்தப் பாட்டுத் தொகுப்புக்கும் கொடுத்தான். முதல் ஷிப்டுக்குப் போகும்போது ஓடவிட்டுப் போவான்; கரண்ட் போனால் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். ஒன்பது நாள் ஆயிற்று. கணினியின் வன்தட்டு பழையது, எண்பது ஜி.பி. பழைய பிரதியும் புதிய பிரதியும் சேர்ந்து இருக்க இடமில்லை. கெட்டுப்போனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, திருத்தியதைப் பழையதன் மேலேயே பதிந்துகொண்டு போனான். சபையின் அறுபத்தோரு பதிவுகளும் அதில் அடக்கம். எல்லாம் முடிந்ததும் போனை இணைத்து சிங்க் கொடுத்தான். பழையவை போனிலிருந்தும் போய், புதியவை வந்தன. பச்சைக் கோடு நிறைந்தது. அன்று அவன் ஷாலினுக்குப் பூ வாங்கிவந்தான்.

நவம்பர் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. குழுவில் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். அருள்மேரி டீச்சர் ஜெபர்சனைக் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டாயிரத்துப் பத்துல நாலு குரலாப் பிரிஞ்சு பாடினோமே, அதைப் போடுங்க. இவங்க கேட்டாதான் எப்படிப் பாடணும்னு தெரியும்."

ஜெபர்சன் தன் போனைச் சபையின் ஒலிபெருக்கியில் மாட்டினான். தேடவே வேண்டியதில்லை, ஆண்டு, நாள், பாட்டு என்று ஒழுங்காக இருந்தது. போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். பாட்டு எழுந்தது. டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி மணியின் சத்தம் பளிச்சென்று வந்தது. இவ்வளவு தெளிவாக அதை அவன் கேட்டதே இல்லை. கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை அவனுக்குத் தூரத்தில் கேட்டது. டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை ஆட்டினார். என்னவென்று புரியாமல், அவன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான். ஷாலின் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு," என்றான் ஜெபர்சன்.

 டீச்சர் மெதுவாக, "விடுங்க தம்பி, நானே சொல்லிக் கொடுத்துக்கிடுதேன்," என்றார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் அவனுக்கு அது புரிந்தது. தான் ரொம்ப நாளாக மனிதர்களின் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு வருவது அந்த நொடியில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷாலின் கதவைச் சாத்தினாள். தன்னுடைய போனை எடுத்தாள். கல்யாணமான புதிதில் அவளுக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை அவன் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அவள் போனை அப்புறம் அவன் இணைக்கவே இல்லை. அதில் அந்தக் கீர்த்தனை இருந்தது. இயர்போனில் ஒன்றை அவன் காதிலும் மற்றதைத் தன் காதிலும் வைத்தாள்.

"இப்ப ஜால்ரா வருது பாருங்க."

அவன் காத்திருந்தான். "வரலியே."

"வந்துக்கிட்டுதான் இருக்கு."

"இல்ல ஷாலின்."

"எனக்குக் கேக்குங்க. நல்லாவே கேக்கு." அவள் குரல் உடைந்தது. "பாட்டு கெடல. பாட்டுக்கு ஒண்ணும் ஆகல."

அவன் இயர்போனை மாற்றி மற்றக் காதில் வைத்தான். அந்தக் காதிலும் இல்லை. பிறகு எழுந்து போய்க் கணினியின் முன் உட்கார்ந்தான். திரையில் மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் பாட்டுகளும் ஒழுங்காக வரிசையில் நின்றன. அத்தனையும் அவன் காதின் ஊனத்துக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டவை. அவனைத் தவிர வேறு யாராலும் கேட்க முடியாதவை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, காது கேக்கலன்னு," என்றாள் ஷாலின். "நான் என்னெல்லாமோ நெனச்சேன். என் பேச்சே ஒங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

"எனக்கே தெரியாதே ஏட்டி," என்றான். சொல்லிவிட்டு, வேனுக்குள் கண்ணாடிக்கு அப்பால் இறங்கிய விரல் நினைவுக்கு வந்து, அது முழு உண்மை இல்லை என்று அவனுக்கே பட்டது. அவளிடம் அதையும் சொன்னான். அவள் திட்டவில்லை. மறுநாளே நல்ல காது டாக்டர் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

டிசம்பரில் விடுப்புப் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே சோதனை அறையில் கண்ணாடி இருந்தது. ஜெபர்சன் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முடிவில் டாக்டர் அம்மா ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு நேராகப் போய், திடீரென்று பள்ளத்தில் விழுவது போல் இறங்கியிருந்தது. இரண்டு காதுக்கும் அப்படித்தான்.

"எங்க வேலை?"

"பிரஸ் ஷாப், மேடம். நாலரை வருஷம்."

"இயர்போன் போடுவீங்களா?"

"போடுவேன். பஸ்ல."

"சத்தமா?"

அவன் தலையாட்டினான். டாக்டர் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் சேர்ந்திருக்கும். ஆனா இந்தக் கோடு இப்படி விழறது இயந்திரச் சத்தத்துல வேலை பாக்கறவங்ககிட்டதான் அதிகம் பார்க்கிறேன். நரம்பு போனது போனதுதான், திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்திக்குங்க. அந்த இடத்துல நிக்காதீங்க," என்றார்.

கம்பெனியில் ஹெச்.ஆர். அதிகாரி அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜூலை மாதத் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "எங்க ரெக்கார்டுல நீங்க நார்மல். நாலு வருஷம் பிரஸ்ல நின்னும் நார்மல். அஞ்சு மாசத்துல காது போச்சுன்னா அது பிரஸ்ஸால இல்லை. உங்க போனால."

ஜெபர்சன் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் கட்டைவிரலால் தானே அழுத்தி வாங்கிய தாள் அது. கேன்டீனில் சண்முகசுந்தரத்திடம் நடந்ததைச் சொன்னான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதும் ஜெபர்சனுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னான். "வெளியே சொல்லாதேன்னேன். சோதனையில ஏமாத்தினேன்னு நீயே ஒத்துக்கிட்டா, அதை வச்சே உன்னைத் தூக்கிடுவாங்க."

மூன்று நாள் அவனுக்குச் சோறு செல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்ச் வரை ஒப்பந்தம் உண்டு. சொன்னால் இன்றே போகலாம். ஷாலினிடம் கேட்டான். "நம்மளப் பத்தி மட்டும் யோசிச்சா சும்மா இருக்கதுதான் சரி," என்றாள். "ஆனா அடுத்த ஜூலையில அப்பாவு அண்ணன் அந்தக் கண்ணாடியத்தானே பாத்துக்கிட்டு உக்காருவாவ."

ஜெபர்சன் எழுதிக் கொடுத்தான். யார் பேரையும் குறிப்பிடவில்லை. தான் விரலைப் பார்த்துப் பொத்தானை அழுத்தியதாகவும், ஜூலைச் சோதனை தனக்குச் செல்லாது என்றும், பிரஸ் ஷாப்பில் எல்லாரையும் ஒழுங்காக மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் எழுதினான். அதன் நகலைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பினான். அந்த நகல் போயிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கம்பெனி அசைந்தது. பிப்ரவரியில் வேறொரு வேன் வந்தது. இந்தத் தடவை சோதிக்கப்படுகிறவரின் முதுகு கண்ணாடிப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். நாற்பத்துமூன்று பேரில் பதினொரு பேருக்குக் கோடு பள்ளத்தில் விழுந்தது. பதினொன்றில் ஒருவன் அப்பாவு.

அந்தப் பதினொரு பேரில் நிரந்தரமானவர்களை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அப்பாவுவைப் பொருள் அனுப்பும் பிரிவில் அட்டைப் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போட்டார்கள். பிரஸ்ஸில் பத்து வருஷம் பழகிய கை அது. கேட்டருகே அவன் ஜெபர்சனை வழிமறித்தான். கேட்கும்படியாகவே கத்தினான்.

"உன்ன இழுத்துக் காப்பாத்தினேன்ல, அதுக்கா இது? பொட்டி ஒட்ட வெச்சுட்டியேடா! என் காது, என் இஸ்டம். உன்ன எவன்டா கேட்டான்?"

 மார்ச் மாதம் கம்பெனி அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. இழப்பீட்டுக்காக அவன் கொடுத்த மனு ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் அறிந்தவரை இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வேலையில்லாமல் இருந்த இரண்டு மாதத்தில் பாட்டுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பார்த்தான். கூட்டியதை அதே அளவுக்குக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணினான். குறைத்ததை ஷாலின் கேட்டாள். உரத்த இடங்களில் ஒலி உடைந்து கரகரத்தது. மேலே ஏற்றியபோது வெட்டுப்பட்டவை வெட்டுப்பட்டவைதான். சினிமாப் பாட்டுகளை மறுபடி தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். சபைப் பதிவுகளுக்கு எங்கே போவது? அருள்மேரி டீச்சரிடம் அவன் என்றோ பதிந்து கொடுத்த ஒரு குறுந்தகடு இருந்தது. பதினாலு பாட்டுகள் அதில் பிழைத்துக் கிடந்தன. மீதி நாற்பத்தேழும் போனவைதான். அந்தக் குரல்களில் சிலருடைய தொலைபேசி எண்கூட இப்போது யாரிடமும் இல்லை. ஷாலினோடு டீச்சரிடம் இதைச் சொல்லப் போனபோது அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவர் வெளியே வந்து, "நாங்க எல்லாரும் கேட்டுட்டோம்லா தம்பி. கேட்டது போகாது," என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும்போது ஷாலின் அதை அவனுக்குச் சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூனில் மறைமலை நகரில் ஒரு கிடங்கில் இருப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. அமைதியான இடம். பெட்டிகளுக்குப் பெயரிட்டு, எண்ணிட்டு, இடம் பிரித்து அடுக்கும் வேலை. அது அவனுக்குக் கைவந்தது. வீட்டிலும் ஷாலின் அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்று பேசப் பழகிக்கொண்டாள். மெல்லப் பேசுகிறவளுக்குக் குரலை உயர்த்துவது முதலில் சண்டை போடுவது மாதிரி இருந்தது. சில சமயம் அதுவே சண்டையிலும் முடிந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ரெக்கார்டரை ஜெபர்சன்தான் வைத்தான். ஹெட்போனை ஷாலின் மாட்டிக்கொண்டு, சரி என்று கை காட்டினாள். பதிந்ததை அவன் போட்டுக் கேட்கவில்லை. பெயர் எழுதி அடுக்கி வைத்ததோடு சரி.

2014 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அப்பாவு கிடங்கின் வாசலில் வந்து நின்றான். ஒன்றரை வருஷமாக ஒரு பேச்சுவார்த்தை இல்லை. இளைத்திருந்தான்.

"இன்னா அண்ணே?" என்று ஜெபர்சன் அவனுடைய பாஷையிலேயே கேட்டான்.

அப்பாவு செருப்பால் தரையைத் தேய்த்தான். "காதுக்குள்ள எந்நேரமும் ங்கொய்ங்குனு கத்திகினே கீது. தூக்கமே கெடையாது. உம் பொண்டாட்டி எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சு? எந்த ரூம்பு, இன்னா டாக்டரு, எதுவும் தெரியாது எனுக்கு."

"திங்கக்கிழம நானே கூட வாரேன்."

"கோவமில்லியா எம்மேல?"

ஜெபர்சனுக்கு அது காதில் சரியாக விழவில்லை. ஆனாலும் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தான்.

திங்கட்கிழமை இருவரும் செங்கல்பட்டில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நெரிந்தது. அப்பாவு தன் மகள் பத்தாம் வகுப்பு போவதைப் பற்றி உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெபர்சன் அவன் வாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு நிற்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த சீட்டைப் புரட்டப் போனபோது, பின் பெஞ்சிலிருந்த ஒரு பெண்மணி எட்டி இருவருடைய தோளையும் தட்டினாள்.

"ஐயா, அப்பாவுங்கறது உங்கள்ல யாரு? அப்போலேர்ந்து கூப்ட்டுகினே இருக்காங்க."

இருவரும் ஒன்றாகவே எழுந்தார்கள்.